எழுத்தைக் கற்பிக்க இயலாதா?

கல்லூரித் தமிழ் வகுப்பில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும் கற்பிக்கப்பெறுகின்றன. கதைப்பின்னல், பாத்திரப் படைப்பு, நோக்குநிலை என்னும் தலைப்புகள் பலகையை நிறைக்கின்றன. மாணவர் அவற்றைப் படியெடுத்து, தேர்வில் திருப்பி எழுதி, பட்டமும் பெற்றுவிடுகின்றனர். ஆயினும், ‘ஒரு கதை எழுதிக் கொண்டு வருக’ என்றால் அதே மாணவர் திகைத்து நிற்கின்றனர். சமையலின் வரலாற்றைக் கற்றவனுக்கு அடுப்பு மூட்டத் தெரியாத நிலை இது.

இக்குறையைச் சுட்டினால் உடனே மறுமொழி வருகின்றது: ‘எழுத்துப் பிறவிக் கொடை, அதைக் கற்பிக்க இயலாது.’ கேட்பதற்கு உயர்வாகத் தோன்றும் இக்கூற்று, உழைப்பைத் தட்டிக்கழிக்கும் சாக்கேயன்றி வேறன்று. இசைக்கும் நடனத்துக்கும் பிறவித் திறன் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. அதற்காக, ஆசானிடம் பயிலாமலே மேடையேறுக என்று எவரும் கூறுவதுமில்லை. எழுத்துக்கு மட்டும் இவ்விதிவிலக்கு ஏன்?

தமிழ் மரபு இவ்வாறு கருதியதில்லை. நன்னூலின் பாயிரம் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் முப்பத்திரண்டு உத்திகளையும் வகுத்துரைக்கின்றது. எழுதுவோன் தன் எழுத்தைத் தானே உரசிப் பார்ப்பதற்குரிய உரைகல் அது. இன்றோ, ‘மிகைபடக் கூறல்’ ஒரு குற்றம் என்று தேர்வுத்தாளில் எழுதும் மாணவன், அவ்விடையையே மிகைபட எழுதி முழு மதிப்பெண் பெறுகின்றான்!

மலாயாவின் வரலாறும் இச்சாக்கைப் பொய்ப்பிக்கின்றது. 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் ‘கதை வகுப்பு’ நடத்தினர். கதை எழுதும் முறையை விளக்கி, வாசகரை எழுதப் பழக்கினர். 1952-இல் அந்நாளிதழின் ஆசிரியப் பொறுப்பேற்று வந்த கு. அழகிரிசாமி, இலக்கியக் கூட்டங்களின் வழி இளையோரை நெறிப்படுத்தினார். எழுத்தைக் கற்பிக்க இயலும் என்பதற்கு இந்நாட்டுச் சிறுகதை வரலாறே சான்று.

அன்று பத்திரிகை கல்லூரியின் பணியைச் செய்தது. 1924-இல் தோன்றிய அந்த நாளிதழ் 2019-இல் நின்றுவிட்டது. அவ்வகுப்பறையின் கதவு அடைபட்ட பின்னர், அப்பொறுப்பை ஏற்க வேண்டியது யார்? 1956 முதல் மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கழகங்களும் உண்டு. சிறுகதைப் போட்டிகளும் நடைபெறுகின்றன, அவை போற்றத்தக்கனவே. எனினும் போட்டி விளைந்ததை அளக்கும், விதைக்காது.

‘பயிற்சி தந்தால் எல்லாரும் ஒரே அச்சில் எழுதுவர்’ என்பது மற்றோர் அச்சம். உண்மை இதற்கு நேர்மாறானது. பயிற்சியற்ற மாணவனே தான் காணாத காவிரிக் கரையைப் பற்றியும், திரைப்படத்தில் கண்ட காதலைப் பற்றியும் எழுதுகின்றான். பால்மரம் வெட்டிய பாட்டியின் காய்த்த விரல்களும், லயம் இடிபட்டுத் தாமானாக மாறிய தோட்டமும், தொழிற்சாலையில் இரவு முறை முடித்துத் திரும்பும் தாயும் அவன் கண்முன் இருந்தும் அவன் ஏட்டில் இல்லை. உற்று நோக்கக் கற்பிப்பதே எழுத்துப் பயிற்சியின் முதற்பாடம்.

ஆசிரியரின் சிவப்பு மையும் இங்கு விசாரணைக்குரியது. வல்லினம் மிகாத இடமெல்லாம் வட்டமிடப்படுகின்றது; கதை உயிரிழந்து கிடக்கும் பத்தியிலோ ஒரு கோடும் இல்லை. சந்திப்பிழை திருத்தப்படவே வேண்டும். ஆனால் அத்துடன் கடமை முடிந்ததென்று கருதுவது, வீடு எரிகையில் வாயிற்படியைத் துடைப்பதை ஒக்கும்.

வேண்டுவன மிகப் பெரியனவும் அல்ல. வாரந்தோறும் ஒரு பக்கம் எழுதுதல், அதை வகுப்பில் உரக்கப் படித்தல், தோழர்தம் குறைகாணலைக் கேட்டல், மீண்டும் எழுதுதல், அம்மறுபடிக்கே மதிப்பெண் வழங்குதல். இவற்றோடு, ஆசிரியரும் ஒரு பக்கம் எழுதி மாணவர்முன் வைத்தல் வேண்டும். தாம் எழுதாமல் பிறரை எழுதச் சொல்லும் குரலுக்கு வலிமை ஏது?

எழுதுவோரின்றிப் படிப்போர் மட்டும் எஞ்சும் மொழி, நாளடைவில் படிப்போரையும் இழக்கும். இந்நாட்டுத் தமிழரின் வாழ்வை இந்நாட்டுத் தமிழரே எழுதாவிடின் வேறெவரும் எழுதப் போவதில்லை. கல்லூரிகள் தமிழைப் பற்றிப் பேசியது போதும். தமிழில் எழுதக் கற்பிக்கட்டும்!