யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "தம்பி, ஸ்டியரிங்குக்குள்ள இருக்கிற எயார்பேக்கை மாத்தாமல் இதை ஓடாதை" என்று ஒரே ஒரு வார்த்தை. காசு எண்ணி வாங்கின வாய்க்கு அது வரவில்லை. வவுனியாவில் அந்தக் கார் சேலில் குளிர்ந்த சோடா தந்தார்கள். திறப்பைக் கையில் பிடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். மீற்றரைக் காட்டி, "ஜப்பானில ஒரு டொக்டர் ஓடினது, பாருங்கோ எவ்வளவு குறைவு" என்றார்கள். ஜப்பானில் கார் வைத்திருக்கிற எல்லாரும் டொக்டர்கள்தான் போலும்.

கார் என் தங்கையின் மகனுடையது. லீசிங்குக்குப் பிணை நின்றவன் நான். அதனால்தான் இந்த வயிற்றெரிச்சல் எனக்கும் பங்காக வந்து சேர்ந்தது.

ஸ்போர்ட்ஸ் கார் எதற்கடா கொக்கிளாயில் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். 1984 டிசம்பரில் எங்கள் சனத்தை ஊரை விட்டு எழுப்பிக் கலைத்தார்கள். யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்து பற்றை வெட்டினோம். மருமகன் பிறந்தது அகதி வாழ்க்கையில். கடலுக்குப் போகிறவன். கடலில் பாடு இல்லாத நாட்களில் கலியாண வீடுகளுக்கு மாப்பிள்ளைக் கார் ஓடலாம், அலம்பில், செம்மலை, முள்ளியவளை வரைக்கும் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டான். தாழ்ந்த, இரண்டு கதவு வைத்த சிவப்புக் கார் என்றால் கூடக் காசு கொடுப்பார்கள். பிரான்சிலிருந்து தமையன் கொஞ்சம் அனுப்பினான். மீதி லீசிங். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பத்து வருடம் ஓடித் தேய்ந்த கார்களும் புதுக் கார் விலைக்குப் போயின. அந்த விலைக்குத்தான் இதையும் வாங்கினான்.

முல்லைத்தீவில் ஒரு கராஜ் பெடியன் வேறு ஏதோ வேலைக்காக டாஷ்போர்டைக் கழற்றினான். கழற்றினவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். எயார்பேக்குக்கென்று மீற்றரில் ஒரு சிவப்பு லைற் உண்டு. திறப்பைத் திருப்பியதும் எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் உள்ளே பழுது. எங்கள் காரில் அந்த லைற்றின் வயரை வெட்டி ஒயில் லைற்றோடு கட்டியிருந்தார்கள். ஒயில் லைற் எரியும்போது இது எரியும், எஞ்சின் எடுத்து அது அணையும்போது இதுவும் அணையும். பார்க்கிறவனுக்கு எல்லாம் சரி. இதைத் தெரியாமல் செய்ய முடியுமா? வயர் தானாக வெட்டுப்படுமா? பழுது இருப்பது தெரிந்த ஒருவன், அதைத் திருத்துவதை விட மறைப்பது மலிவு என்று குந்தியிருந்து செய்த வேலை அது.

ரயரையும் காட்டினான். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் குத்தியிருக்கும். முன் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருடம். கறுப்பு மை பூசிப் பளபளவென்று நின்ற ரயர்கள் காரோடு ஜப்பானில் பிறந்தவை. பூவெட்டு ஆழமாகத்தான் இருந்தது, ரப்பர் செத்துப் போயிருந்தது. வேகம் ஓடவென்று செய்த காருக்கு அந்தக் கால்கள்.

அதோடு முடியவில்லை. கராஜ் பெடியன் சேசிஸ் இலக்கத்தைப் போனில் அடித்து, செய்த நிறுவனத்தின் ஜப்பான் பட்டியலில் பார்த்தான். இருந்தது. எயார்பேக் மாற்றுவதற்காகத் திருப்பி அழைக்கப்பட்ட கார். மாற்றியதாகப் பதிவு இல்லை.

தக்காட்டா என்ற ஜப்பான் கம்பனி செய்த எயார்பேக் கதை உலகத்துக்குப் பழசு. பையை ஊத வைக்க அவர்கள் அமோனியம் நைத்திரேற்றைப் பாவித்தார்கள். வருடக்கணக்காக வெக்கையும் ஈரமும் பட்டால் அந்த மருந்து கெட்டுப் போகும். பிறகு சின்ன மோதலுக்குக்கூட அளவுக்கு மிஞ்சி வெடித்து, தன்னை மூடியிருக்கிற இரும்புக் கூட்டையே உடைத்துத் துண்டு துண்டாக ஓட்டுபவரின் முகத்திலும் கழுத்திலும் அடிக்கும். வன்னியில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஷெல் துண்டு என்றால் விளங்கும். உடம்புக்குள் இன்னும் துண்டோடு திரிகிற சனம் நாங்கள். அதே துண்டை, கடன்பட்டு, பிணை வைத்து, நெஞ்சுக்கு நேரே பூட்டிக்கொண்டு வந்திருக்கிறோம்.

உலகம் முழுக்க கோடிக்கணக்கான கார்களைத் திருப்பி அழைத்தார்கள். சோதனை முடிவுகளை மறைத்து ஏமாற்றியதை அந்தக் கம்பனியே 2017இல் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது. 100 கோடி டொலர் தண்டம். அதே வருடம் வங்குரோத்து. வெக்கையும் ஈரமும் கூடின புளோரிடா, ஹவாய், புவர்ட்டோ ரிக்கோ போன்ற இடங்களுக்கு முதலில் மாற்றிக் கொடுங்கள் என்று அமெரிக்காவில் வரிசை போட்டார்கள். மலேசியாவில் ஆட்கள் செத்தார்கள். ஜப்பானில் 2018இலிருந்து, ஆபத்துக் கூடின எயார்பேக்கை மாற்றாத காருக்கு ஓட்டத் தகுதிப் பத்திரமே இல்லை. இலங்கை வீதிகளில் பலருக்கும் தெரிந்த ஹொண்டா சிஆர்-இசட் என்ற இரண்டு கதவு ஹைபிரிட்டை எடுங்கள். 2010இல் வந்தது. அமெரிக்காவில் 2011 முதல் 2015 வரையான மாதிரிகள் தக்காட்டா பட்டியலில் ஏறின. அதற்கு முன்பே, கியரில் நிற்கும்போது எஞ்சின் நின்றால் மின் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலக்கூடும் என்று கைக்கியர் கார்களை அங்கே 2011இல் திருப்பி அழைத்தார்கள். குறை வந்தது, சொன்னார்கள், காசில்லாமல் திருத்தினார்கள். அது ஒரு முறை.

எங்கள் முறை என்ன? ஈரத்துக்கு இந்தப் பக்கம் களப்பு, அந்தப் பக்கம் கடல். வெக்கைக்குப் பங்குனி, சித்திரை. உப்புக் காற்று இரும்பைத் தின்கிற ஊர். அமெரிக்கன் முதல் வரிசையில் வைத்த காலநிலை எங்களுக்கு வருடம் முழுக்க இருக்கிறது. வரிசைதான் இல்லை.

திருப்பி அழைக்கிற கடிதம் யாருக்கு வரும்? பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயருக்கு. மருமகன் வாங்கும் வரைக்கும் புத்தகத்தில் இருந்த பெயரோ கொழும்பில் எங்கேயோ ஒருவருடையது. அவர் விற்றார், வாங்கினவர் பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட திறந்த பத்திரத்தோடு அடுத்தவருக்குத் தள்ளினார், அவர் கார் சேலுக்குத் தள்ளினார். இடையில் எத்தனை கை என்று புத்தகத்துக்கே தெரியாது. பெயர் மாற்றக் காசு போகும் என்று எல்லாரும் செய்கிற சின்னத் தந்திரம்தான். ஆனால் கார் வடக்கே வர வர எச்சரிக்கை தெற்கிலேயே நின்றுவிட்டது.

ஒவ்வொரு வருடமும் காருக்கு வரிப்பத்திரம் எடுக்கிறோம். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். காப்புறுதி கேட்கிறார்கள். லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு, தனியார் காருக்கு அதுவும் இல்லை. குழாய்க்குள் கம்பியை விட்டுப் புகையை அளக்கிறவன் பிரேக்கைத் தொட்டுப் பார்ப்பதில்லை, ரயரைக் குனிந்து பார்ப்பதில்லை. எங்கள் கார் புகையில் பாஸ்.

மருமகன் அந்தக் காரில் எத்தனை மாப்பிள்ளைகளை முன் சீற்றில் ஏற்றிப் போனான்! நாயாறு தாண்டினால் இரவில் மாடுகள் தார் றோட்டில் படுத்துக் கிடக்கும். ஒரு மாட்டில் மெதுவாக இடித்திருந்தாலே போதும். முல்லைத்தீவு ஆஸ்பத்திரி மாஞ்சோலையில். கழுத்தில் இரும்பு ஏறினவனை அங்கே கொண்டு போய்ச் சேர்க்க எவ்வளவு நேரம்? நினைக்கும்போது இன்றைக்கும் கை நடுங்குகிறது.

விற்றவனிடம் போனோம். "பார்த்துத்தானே எடுத்தனீங்கள்?" என்றான். பார்க்க முடியாதபடி வயரை வெட்டி வைத்துவிட்டு, பார்த்துத்தானே எடுத்தாய் என்று கேட்கிற வாயை என்ன செய்வது? லீசிங்காரரிடம் சொன்னோம். எயார்பேக் அவர்கள் கணக்கில் இல்லை, தவணைத் திகதி மட்டும் இருக்கிறது. இரண்டு தவணை பிந்தினால் எனக்குத்தான் முதல் போன்.

இப்போது வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் ஒரே புத்தி: "பேசாமல் வித்துத் தள்ளுங்கோ. கிளிநொச்சிப் பக்கம் ஆக்கள் தேடித் திரியினம்." நல்ல மனிதர்கள்தான் சொல்கிறார்கள், எங்கள் மேல் உள்ள இரக்கத்தில் சொல்கிறார்கள். அப்படி இரக்கப்பட்டு யாரோ யாருக்கோ சொன்ன புத்தியில்தான் இந்தக் கார் எங்கள் முற்றத்துக்கு வந்தது. விற்க மாட்டோம். எயார்பேக் மாறும் வரைக்கும் அது கொட்டிலை விட்டு வெளியே வராது. மருமகன் கடலுக்குப் போய்த் தவணை கட்டுகிறான்.

வாங்கப் போகிற பிள்ளைகளே, திறப்பைத் திருப்பி அந்தச் சிவப்பு லைற் தனியாக எரிந்து தனியாக அணைகிறதா என்று பாருங்கள். சேசிஸ் இலக்கத்தை எழுதி எடுத்து, பட்டியலில் பார்த்த பிறகு காசைக் காட்டுங்கள்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் ஒன்று கேட்கிறோம். கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்தில் வருடா வருடம் வரிப்பத்திரம் எடுக்க நாங்கள் வந்து நிற்கிறோம். காரின் சேசிஸ் இலக்கம் உங்கள் பதிவில் இருக்கிறது. திருப்பி அழைத்த இலக்கங்கள் கம்பனிகளிடம் இருக்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டு, "உங்கள் காரின் எயார்பேக்கை மாற்ற வேண்டும்" என்று தமிழில் ஒரு துண்டுக் கடதாசியை வரிப்பத்திரத்தோடு சேர்த்துத் தாருங்கள். காரில் யாருடைய பெயர் இருந்தாலும், அதை ஓட்டுகிறவன் கையில் அந்தக் கடதாசி வந்து சேரும்.