மனித எதிர்ப்பொருள் தரும் மாடுகள்

தொண்டை அடைப்பான் நோய்க்கு 1890களில் எமில் வான் பெரிங் உருவாக்கிய மருந்து, விலங்கின் இரத்தத்தில் உருவாகும் நோயெதிர்ப்புப் புரதங்களான எதிர்ப்பொருள்களிலிருந்து வந்தது. பாம்புக்கடிக்கான நச்சுமுறி மருந்து இன்றும் பெரும்பாலும் குதிரைகளிடமிருந்தே பெறப்படுகிறது. அது எண்ணற்ற உயிர்களைக் காத்தாலும், குதிரைப் புரதத்தை மனித உடல் அந்நியமாகக் கருதுவதால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை உண்டாகிறது.

இந்தக் குறையைத் தீர்க்க முனைந்த கிரின், ஹெமடெக் நிறுவனங்களின் ஆய்வாளர்கள், மனித எதிர்ப்பொருள் மரபணுக்கள் கொண்ட செயற்கைக் குரோமோசோமைச் சுமக்கும் கன்றுகளை 2002இல் குளோனிங் முறையில் உருவாக்கினர். பின்னர் மாட்டின் சொந்த எதிர்ப்பொருள் மரபணுக்களும் செயலிழக்கச் செய்யப்பட்டன. இத்தகைய மாட்டுக்குத் தடுப்பூசி போட்டால், அது சுரப்பது மனித எதிர்ப்பொருள். பெரிய உடல் என்பதால் எதிர்ப்பொருள் அடங்கிய இரத்தப் பிளாஸ்மாவும் மிகுதியாகக் கிடைக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. ஆய்வகத்தில் செய்யப்படும் ஒற்றைவகை எதிர்ப்பொருள் கிருமியின் ஓரிடத்தை மட்டுமே பற்றும். அந்த இடம் உருமாறினால் மருந்து பயனற்றுப்போகும். உருமாறிய கொரோனா வகையான ஓமிக்ரான் பரவியபோது, பல கோவிட் எதிர்ப்பொருள் மருந்துகளுக்கு இதுவே நேர்ந்தது. மாடு தருவது பல இடங்களைப் பற்றும் கலவை. இதுவே இந்த முறையின் பெரிய பலம்.

மெர்ஸ் என்னும் சுவாச நோய்க்கென இவ்வாறு தயாரான மருந்து, 38 நலமானவர்களிடம் நடந்த முதற்கட்டச் சோதனையில் பாதுகாப்பானதாகத் தெரிந்தது. முடிவுகள் 2018இல் வெளியாயின. நோயாளிகளிடம் அதன் பலன் தனியே நிறுவப்பட வேண்டும். திரும்பத் திரும்ப ஊசியும் இரத்த எடுப்பும் தாங்கும் மாடுகளின் நலனைச் சுயேச்சையான கால்நடை மருத்துவர்கள் கண்காணிப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.