மைக்ரான் மயக்கம்

அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸில் ஜனவரி இரவு மைனஸ் 40 டிகிரிக்கு இறங்குவது புதிதல்ல. அந்தக் குளிரிலும் 1990களின் கம்மின்ஸ் 5.9 லிட்டர், ஃபோர்டு 7.3 லிட்டர் டீசல் டிரக்குகளை விடாமல் ஓட்டுபவர்கள் உண்டு. வண்டி பழசாக ஆக, அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு வரும். அது நேராகப் போய் நிற்கும் இடம் ஆயில் ஃபில்டர். எவ்வளவு சிறிய துகளைப் பிடிக்கும் என்பதைச் சொல்லும் மைக்ரான் எண் குறையக் குறைய இன்ஜினுக்கு ஆயுசு கூடும் என்பது பொது நம்பிக்கை. வெயில் ஊரில் இது பாதி உண்மை. குளிர் ஊரிலோ, காசு கொடுத்துப் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்ளும் காரியமாகவே பெரும்பாலும் முடிகிறது.

ஃபில்டர் தன் வழியாக வரும் ஆயிலைத்தான் வடிகட்டும். வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇயின் தரவிதிப்படி 15டபிள்யூ ரக ஆயில் மைனஸ் 25 டிகிரி செல்சியஸில், தடிப்பின் அலகான சென்டிபாய்ஸில் 60,000 வரை தடித்திருக்கலாம். சூடான இன்ஜினில் அதே ஆயில் பதினைந்தைக்கூடத் தொடாது. ஆறிய வெல்லப்பாகை வேட்டித் துணியில் வடிகட்டிப் பார்த்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பம்பு தள்ளுகிறது, ஃபில்டர் தடுக்கிறது, இரு பக்க அழுத்தத்தின் வித்தியாசம் ஏறுகிறது. பேரிங் ஆயிலில்லாமல் காயக்கூடாதே என்று பைபாஸ் வால்வு திறந்துகொள்கிறது. அதன் பிறகு ஆயில் வடிகட்டப்படாமலே பேரிங்குக்குப் போகிறது. அதே அளவு டப்பாவுக்குள் இன்னும் நெருக்கமான தாளை வைத்தால் வால்வு சீக்கிரம் திறக்கும், தாமதமாக மூடும். குளிர்காலம் முடிந்து கழற்றிய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள்: நேர்கோடாக நிற்க வேண்டிய தாள்மடிப்புகள் அலை அலையாக நெளிந்திருந்தால், அது அழுத்தத்தோடு மல்லுக்கட்டித் தோற்றதன் தழும்பு. போதாக்குறைக்கு அந்த மைக்ரான் எண்ணே முழுசாக எதையும் சொல்வதில்லை. 10 மைக்ரான் துகளில் பாதியைப் பிடிப்பதும் 10 மைக்ரான் ஃபில்டர்தான், நூற்றுக்கு 98.7 பிடிப்பதும் அதே பெயரில்தான் விற்கிறது.

எதிர்வாதம் வலுவானது. ஜெனரல் மோட்டார்ஸின் டேவிட் ஸ்டேலி 1988இல் வெளியிட்ட ஆய்வில், 40 மைக்ரானிலிருந்து 30க்கு வந்தால் தேய்மானம் 50 சதவீதமும் 15க்கு வந்தால் 70 சதவீதமும் குறைந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது தேய்மானத்தை விரைவுபடுத்த ஆயிலில் தூசியைக் கலந்து நடத்திய சோதனை. அலாஸ்கக் குளிர்காலத்தில் நிலமே பனிக்கடியில் கிடக்கிறது. ஆயில் பரிசோதனையில் தூசியின் அடையாளமான சிலிக்கான் ஏறியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டரையும் அதன் குழாய்ப் பொருத்துகளையும்தான். வால்வு திறந்திருப்பது சில நிமிடம்தானே என்பார்கள். ஆனால் டாஷ்போர்டு முள் காட்டுவது கூலன்டின் சூட்டை. ஆயில் சேம்பர் அதற்கு வெகுநேரம் பின்தங்கியே சூடேறும். கடைக்குப் போய் வருவதோடு நின்றுவிடும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டுக்கு வராமலே பயணம் முடிந்துவிடும்.

பக்கவழி ஃபில்டர் கிட்டை நம்புபவர்களுக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. அது ஆயிலில் சிறு பங்கை மட்டும் எடுத்து, நிதானமாக, மிக நுணுக்கமாக வடித்துச் சேம்பருக்கே திருப்பி அனுப்புகிறது. (கழிவறைக் காகிதச் சுருளையே உள்ளே திணித்து ஓட்டும் ரகமும் உண்டு, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அது வடிகட்டவே செய்கிறது.) அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையின் 666 கிலோமீட்டரை முழுக்க ஓடும் லாரிக்கு அது பொருந்தும். ஆனால் குட்டிப் பயணங்களில் ஆயிலைக் கெடுப்பது அதில் கலக்கும் டீசலும் அமிலமும்; கரைந்த டீசலை எந்தக் காகிதமும் பிடிக்காது. அந்தக் கிட்டுக்காக வெளியே ஓடும் இரண்டு ரப்பர் குழாய்கள் வேறு, குளிரில் விறைத்து வெடிக்கக் காத்திருக்கும்.

ஆகவே வாங்கும் வரிசையை மாற்ற வேண்டும். முதல் செலவு ஆயிலுக்கு: இன்ஜின் தயாரிப்பாளர் அனுமதித்தால் குளிரில் அவ்வளவு தடிக்காத 5டபிள்யூ அல்லது 0டபிள்யூ சிந்தடிக். அடுத்தது சேம்பருக்கு அடியில் ஒட்டும் ஹீட்டர். பலரிடம் ஏற்கெனவே இருக்கும் பிளாக் ஹீட்டர் கூலன்டைத்தான் சூடாக்கும். அதற்குப் பிறகுதான் ஃபில்டர். அதிலும் பரப்பு அதிகமான, கண்ணாடியிழை கொண்டதை, பைபாஸ் வால்வு ஃபில்டருக்குள்ளேயே இருந்தால் அது திறக்கும் அழுத்தம் பழைய அளவிலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பக்கவாட்டிலோ தலைகீழாகவோ மாட்டும் ஃபில்டரானால் உள்ளே ஆயில் வடியாமல் தடுக்கும் ரப்பர் சிலிகோனா, குளிரில் விறைக்கும் நைட்ரைலா என்பதையும் கேளுங்கள். இந்த விவரம் பெரும்பாலும் டப்பாவின் முன்பக்கத்தில் இருக்காது. அங்கே மைக்ரான் எண்தான் பெரிதாக இருக்கும்.