எண்ணெய்க் கிணறு ஓய்ந்த பின் நிலத்தின் கதி

பெட்ரோலியக் கிணறு தோண்டப்படும்போது கூடுகின்ற ஜனக்கூட்டம் அது வற்றிய பின் கூடுவதில்லை. இரும்புக் கோபுரம் எழும்பும் நாளில் ஊரே திரண்டு வேடிக்கை பார்க்கும். இருபது முப்பது வருஷங்களுக்குப் பின் துருப்பிடித்த குழாய்த் தலையும், சரளைக் கல் பரப்பிய களமும், எண்ணெய்ச் சேறு தேங்கிய பள்ளமுமாக அவ்விடம் கிடக்கும்போது நிலத்துக்குரியவரைத் தவிர அதைப் பார்ப்பார் இல்லை.

காவிரிப் பாசனப் பிரதேசத்து மிராசுதாரர்களுக்கு இது அயல்நாட்டுச் செய்தியன்று. நரிமணம், கோவில்களப்பால், குத்தாலம் முதலிய இடங்களில் நெல் வயல்களுக்கு நடுவே எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் உள்ளன. 2020-ஆம் வருஷத்துப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இப்பிரதேசத்தில் புதிதாக எண்ணெய் தேடுவதைத் தடுத்தது. முன்னரே நடந்துவந்த வேலைகளை அது தொடவில்லை. ஆகவே புதிய கிணற்றைப் பற்றிய வழக்கு ஒருவாறு தீர்ந்துவிட, பழைய கிணறுகளை எவ்விதம் முடிப்பது என்பதே எஞ்சி நிற்கும் கேள்வியாகும். அதைப் பற்றிய பேச்சோ இன்னும் குறைவாகவே இருக்கிறது.

இக்கேள்வியை நம்மினும் முன்னதாகச் சந்தித்தவர்கள் கனடா தேசத்து ஆல்பர்ட்டா மாகாணத்துக் குடியானவர்கள். 1947-ஆம் வருஷம் பிப்ரவரி 13-ஆந் தேதி லெட்யூக் என்னும் ஊரின் அருகே எண்ணெய் பொங்கியது முதல் அம்மாகாணத்தில் தானிய நிலங்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் கிணறுகள் பல்கிப் பெருகின. அங்கே மேல் மண் குடியானவருக்கு உரியதாயினும் அடியிலுள்ள தாதுப்பொருள் பெரும்பாலும் சர்க்காருக்கு உரியது. எனவே கம்பெனியார் கிணறு தோண்ட வரும்போது குடியானவரால் முற்றிலும் மறுக்க முடியாது. வருஷவாரி ஈட்டுத்தொகை மட்டுமே அவருக்குக் கிடைக்கும். கிணறு நன்றாகச் சுரக்கும்வரை அத்தொகை ஒழுங்காக வரும். சுரப்புக் குறைந்ததும் பெரிய கம்பெனி சிறிய கம்பெனிக்கும், அது இன்னும் சிறியதற்குமாகக் கிணற்றைக் கைமாற்றும். கடைசியில் வாங்கியவர் கடனில் மூழ்கினால் கிணற்றுக்கு உடையவர் இல்லை. இத்தகையவற்றை அந்நாட்டார் ‘அநாதைக் கிணறுகள்’ என்றே அழைக்கின்றனர்.

ரெட்வாட்டர் என்னும் சிறு கம்பெனி 2015-இல் நொடித்தபோது, சுரக்கின்ற கிணறுகளை விற்றுக் கடன்காரருக்குக் கொடுத்துவிட்டு, வற்றிய கிணறுகளைத் துறந்துவிட முயற்சி நடந்தது. கீழ்க் கோர்ட்டுகள் அதற்கு இடங்கொடுத்தன. 2019-ஆம் வருஷம் ஜனவரி 31-ஆந் தேதி கனடாவின் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, கிணறுகளை அடைத்து நிலத்தைச் சீராக்கும் பொறுப்பைத் துறந்துவிட்டுக் கடன்காரருக்குப் பணம் பங்கிடலாகாது என்று தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்புத்தான். ஆயினும் பெட்டியில் பணமே இல்லாதபோது தீர்ப்பினால் என்ன பயன்? மறு வருஷம் ஏப்ரலில் கனடா சர்க்கார் பொதுப் பணத்திலிருந்து 172 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. அதில் 100 கோடி ஆல்பர்ட்டாவுக்கு மானியமாகச் சென்றது; அநாதைக் கிணறுகளைக் கவனிக்கும் சங்கத்துக்குத் தனியே 20 கோடி கடனாகவும் கொடுக்கப்பட்டது. கிணறு ஓய்ந்தால் இத்தனை வருஷத்துக்குள் மூடியாக வேண்டும் என்ற கெடு அங்கே நெடுங்காலம் இருந்ததில்லை. அதுவே இவ்வளவுக்கும் மூலம் எனலாம்.

இனி, சீர்ப்படுத்துதல் என்பதன் பொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில்தான் பலர் ஏமாறுகின்றனர்.

தொட்டிகளைப் பிரித்து, கான்கிரீட்டை உடைத்து, வேலியை எடுத்துச் செல்வது எளிது. கிணற்றை அடைப்பதும் கம்பெனியாருக்குப் பழகிய வேலையே. எண்ணெய் வந்த அடுக்கிலும் நன்னீர் அடுக்குகளைக் காக்கும் இடங்களிலும் சிமெண்டை இறக்கி அடைத்து, இரும்புக் குழாயைத் தரைக்குக் கீழே, ஆல்பர்ட்டா விதிப்படி குறைந்தது ஒரு மீட்டர் ஆழத்தில், வெட்டி மூடியிடுவர். அதன்பின் லாரியில் சவுட்டு மண் கொணர்ந்து நிரவிவிட்டால் பார்வைக்கு வேலை முடிந்தது போலவே தோன்றும். ஒரு மழைக்குப் பின் ஏதேனும் பச்சை முளைத்ததும் நிலம் தேறிவிட்டதென்று கையொப்பமிடுவோரும் உண்டு. முளைத்தது உமரியாயின் அது தேறுதலின் அறிகுறியன்று. கீழே உப்பு இருக்கிறது என்பதன் அறிகுறி.

கறுப்பு எண்ணெயைக் கண்டே குடியானவர் அஞ்சுகின்றனர். உண்மையில் எண்ணெயினும் அதனோடு வெளிவரும் உப்பு நீரே நிலத்துக்குப் பெரிய சத்துரு. எண்ணெயின் இலேசான பகுதிகளை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் காலப்போக்கில் தின்று தீர்த்துவிடும். அவற்றுக்கு வேண்டுவன காற்று, ஈரம், தழைச்சத்து, மணிச்சத்து. வைக்கோலை மடக்கி உழுத வயலில் பயிர் சிறிது காலம் வெளிறி நிற்பதுபோல, எண்ணெய் பட்ட மண்ணிலும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். ஆதலால் உரமிட்டு, அடிக்கடி கிளறிக் கொடுக்க வேண்டும். நீர் தேங்கிய நெல் வயலில் காற்றுப் புகாது, ஆகையால் இவ்வேலை அங்கே மந்தப்படும். சம்பா அறுவடைக்குப் பின் வரும் கோடையே இதற்கு ஏற்ற பருவம். தார்போல் இறுகிய கனத்த பகுதி மட்டும் மக்காது. அதை அள்ளி அப்புறப்படுத்தியே தீர வேண்டும்.

உப்போ மக்குவதில்லை. ஆழத்திலிருந்து எண்ணெயோடு வரும் நீர் பல இடங்களில் கடல் நீரினும் கரிப்பாயிருக்கும். அது கசிந்த நிலம் முதலில் உவராகும். உவரை மழை ஓரளவு கழுவிய பின்னும் சோடியம் களிமண்ணைப் பற்றிக்கொண்டு நிலத்தைக் களராக்கும். மேல் மண் ஓடுபோல் இறுகி, நீர் உள்ளே இறங்க மறுக்கும். இதற்கு மருந்து ஜிப்ஸம் என்பது களர் நிலம் திருத்தியோர் அனைவரும் அறிந்ததே. அதிலுள்ள கால்சியம் சோடியத்தைப் பெயர்க்கும். நல்ல நீர் தேக்கி வடித்தால் பெயர்ந்த சோடியம் வெளியேறும். பின் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். ஆனால் வடிகால் இல்லாத இடத்தில் ஜிப்ஸம் இடுவது பணத்தைச் சேற்றில் எறிவதற்குச் சமம். கடைமடையில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் முதலில் வெட்ட வேண்டியது வடிவாய்க்காலே. இச்செலவைக் கம்பெனியார் தம் கணக்கில் சேர்ப்பதில்லையென்றால் அது நிலச் சொந்தக்காரர் தலையில் விழும்.

இவற்றோடு, கனத்த எந்திரங்கள் நின்ற இடத்தில் அடிமண் கெட்டித்துப் போயிருக்கும். உளிக்கலப்பையால் பிளந்தாலொழிய வேர் இறங்காது. தொடக்கத்திலேயே மேல் மண்ணை வழித்துத் தனியே குவித்து வைத்திருந்தால் பாதி வேலை மிச்சம். சரளையோடு கலந்துவிட்ட மேல் மண்ணைப் பிரிப்பது எளிதன்று.

ஆகவே நிலம் திரும்பியதென்று ஒப்புக்கொள்ளும் அளவுகோல், அண்டை வயலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதேயன்றி வேறு இருக்கலாகாது. 1963 முதலே ஆல்பர்ட்டாவில் சீர்ப்படுத்தியதற்கு அத்தாட்சிப் பத்திரம் பெறவேண்டும் என்ற சட்டம் உண்டு. நிலத்தின் பயன்படு திறன் முன்போலவே இருக்கவேண்டும் என்பது பின்னர் அதற்கு அளவாயிற்று. இங்கேயும் அதே நெல்லை அதே பட்டத்தில் இரு வயலிலும் நட்டு, இரண்டு போகமாவது பார்த்த பின்னரே கையொப்பமிடுவது தகும்.

பணத்தைப் பற்றியும் கூறவேண்டும். இந்தியாவில் 1999-ஆம் வருஷத்துத் தலச் சீரமைப்பு நிதித் திட்டப்படி எண்ணெய்க் கம்பெனிகள் ஸ்டேட் பாங்கில் இதற்கெனத் தொகை செலுத்தவும், அதற்கு வருமான வரியில் கழிவு பெறவும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஏற்பாடு நல்லதே. எனினும் அது கம்பெனியின் மொத்தக் கணக்கு. இன்ன சர்வே நம்பருக்கு இவ்வளவு என்று நிலத்துக்குரியவர் கேட்டறிய அதில் வழியில்லை. குத்தகைப் பத்திரத்திலேயே சீரமைப்புத் தொகையும் முடிக்கும் கெடுவும் எழுதப்பட வேண்டும். பத்திரம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு சமயமும் அதற்குத் தருணம்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. வெட்டி மூடிய கிணறு கண்ணுக்குத் தெரியாது. ஆல்பர்ட்டாவில் கால்மர் என்னும் சிற்றூரில் பழைய கிணறுகளின் மேல் தெரியாமல் வீடுகள் கட்டப்பட்டு, பின்னர் வாயுக் கசிவு தெரிந்ததால் சில வீடுகளை இடிக்க நேர்ந்தது. மூடிய கிணற்றின் இடமும், புதைந்த குழாய்கள் செல்லும் வழியும் புலப்படத்தில் குறிக்கப்பட்டிருந்தால் பிற்காலத்தில் அங்கே ஆழ்துளைக் கிணறு இறக்குவோரும் மனை பிரிப்போரும் தப்புவர். அப்படத்தோடு, கிணற்றுக் களத்திலும் அண்டை வயலிலும் ஒரே நாளில் எடுத்த மண் பரிசோதனை அறிக்கையின் நகல் ஒன்றும் கிராமக் கணக்கில் இருப்பது நன்று. கிணறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஊர்களில் அந்த மண்ணை வருகிற கோடையிலேயே எடுத்துவிடலாம்.