கீழே தரை இருக்கிறது, இறங்கத்தான் இடமில்லை

கிராண்ட் கேன்யனின் விளிம்புக்குக் கீழே இறங்கி, அதன் சுவர்களுக்கு நடுவே கிளைடர் ஓட்டலாம், அதில் பெரிய ஆபத்து எதுவும் இல்லை என்று சென்ற இதழில் ஒரு நீண்ட கட்டுரை வந்திருக்கிறது. எஞ்சின் இல்லாத விமானத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு என்பதால் ஆவலோடு படித்தேன். முடித்தபோது கோபம்தான் மிஞ்சியது. நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர், உயிர் போகக்கூடிய ஒரு விஷயத்தில் அடிப்படையைக்கூடச் சரிபார்க்காமல் எழுதியிருக்கிறார். அது போதாதென்று, புதிதாக ஓட்டக் கற்றவர்களும் துணிந்து முயலலாம் என்று ஆசை வேறு காட்டியிருக்கிறார்.

அவருடைய வாதம் முழுவதும் ஒரே ஓர் ஒப்பீட்டின் மேல் நிற்கிறது. ஆல்ப்ஸ் மலைகளில் கிளைடர்கள் பாறைச் சரிவை ஒட்டியே பறக்கின்றன. அமெரிக்காவின் அப்பலேச்சியன் மலைத்தொடரில் கார்ல் ஸ்ட்ரீடெக் 1977-இல் ஆயிரம் மைலுக்கு மேல் பறந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தார். மலையில் முடிவது பள்ளத்தாக்கில் ஏன் முடியாது என்று கேட்கிறார்.

முடியாது, ஏனென்றால் இரண்டும் நேர் எதிரானவை. பென்சில்வேனியாவின் பால்ட் ஈகிள் முகட்டை ஒட்டிப் பறக்கிற விமானி மரங்களுக்குச் சற்று மேலேதான் போகிறார், உண்மை. ஆனால் அவருக்குப் பக்கத்திலேயே, சில நூறு மீட்டர் கீழே, சோளக்கொல்லையும் புல்வெளியும் வரிசையாகக் கிடக்கின்றன. காற்று விழுந்தால் ஒதுங்கி ஒரு வயலில் இறக்கிவிடுவார். ஆல்ப்ஸிலும் பள்ளத்தாக்கின் அடியில் மேய்ச்சல் நிலங்கள் உண்டு, சிறிய விமானத் தளங்கள் உண்டு. மலையில் உயரத்தை இழக்க இழக்க இறங்குமிடம் நெருங்கி வருகிறது. கேன்யனில் உயரத்தை இழக்க இழக்க இறங்குமிடம் விலகிப் போகிறது. விளிம்புக்கு மேலே டுசாயனில் உள்ள கிராண்ட் கேன்யன் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் அடியில் ஆறோ ஃபேன்டம் ராஞ்ச் என்ற இடத்துக்குப் பக்கம் 750 மீட்டர் அளவில் ஓடுகிறது. உள்ளே 1,500 மீட்டரில் பறக்கிற கிளைடருக்கு அந்த ஓடுதளம் தலைக்கு மேலே 500 மீட்டரில் இருக்கிறது. எஞ்சின் இல்லாத விமானம் மேல்நோக்கிச் சறுக்காது. எந்த நிமிடத்திலும் எட்டக்கூடிய தூரத்தில் ஓர் இறங்குமிடத்தை வைத்துக்கொள் என்பது கிளைடர் பயிற்சியின் பாலபாடம். விளிம்புக்குக் கீழே போன கணமே அந்தப் பாடம் கைவிடப்படுகிறது.

நவீன கிளைடர் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னேறும், அதனால் எப்படியும் தப்பிவிடலாம் என்பது அவருடைய அடுத்த வாதம். அந்த 40 அசையாத காற்றுக்கான கணக்கு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நல்ல கிளைடர் விநாடிக்கு முக்கால் மீட்டர் அளவுக்கு இறங்கும். அது விநாடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் கீழிறங்கும் காற்றுக்குள் மாட்டிக்கொண்டால் மொத்த இறக்கம் ஐந்து மீட்டரை நெருங்கிவிடும். 40 என்ற விகிதம் ஆறாகச் சுருங்கும். ஆயிரம் மீட்டர் உயரம் மூன்றரை நிமிடத்தில் தீர்ந்துபோகும். அதற்குள் கடந்திருக்கும் தூரம் ஆறு கிலோமீட்டர்கூட இருக்காது. பாலைவனத்துப் பாறைகளின் மேல் அப்படிப்பட்ட இறங்குகாற்று அதிசயம் ஒன்றும் இல்லை. ஜூலைக்குப் பிறகு அரிசோனாவில் இடிமேகம் கட்டும் பிற்பகல்களில் அதைவிட மோசமானதும் வரும்.

காற்று அங்கே எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் அவர் யோசிக்கவே இல்லை. வெயில் பட்டதும் சூடேறுவது பாறைச் சுவர். சுவரை ஒட்டிய காற்று சரிவோடு மேலே ஏறுகிறது. அதை ஈடுகட்ட நடுவில் இருக்கும் காற்று கீழே இறங்குகிறது. ஆகவே தாங்கிப் பிடிக்கும் காற்று கிடைப்பது பாறைக்குப் பக்கத்தில் மட்டும். தாராளமாகத் திரும்ப இடமிருக்கும் நடுப்பகுதியில் கிடைப்பது இறக்கம். பள்ளத்தாக்கு சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம், கிளைடர் வட்டமடிக்க 160 மீட்டர் போதும் என்று அவர் போட்ட கணக்கு இங்கேதான் செல்லாக்காசாகிறது. பள்ளத்தாக்கு குறுகும் டோரோவீப் பக்கம் அந்த அகலமும் கிடையாது. எதிர்விளிம்பு ஒன்றரை கிலோமீட்டருக்குள் வந்துவிடும், சுவர் ஏறக்குறைய 900 மீட்டர் செங்குத்தாக இறங்கும். பீடபூமியின் மேல் பலமாகக் காற்றடிக்கும் நாட்களில் நிலைமை இன்னும் மோசம். விளிம்பைத் தாண்டிய காற்று, மதகுக்குப் பின்னால் சுழலும் வாய்க்கால் தண்ணீர்போல உள்ளே சுருண்டு விழும். விளிம்புக்கு மேலே பறந்தபோது செய்த அனுமானம் எதுவும் அங்கே உதவாது.

உள்ளே இருக்கும் விமானிக்கு என்ன தெரியும் என்பதையும் சொல்லவேண்டும். கிளைடரின் கண்ணாடிக் கூண்டின் மேல் ஒரு கம்பளி நூல் ஒட்டியிருக்கும். அது நேராகக் கிடந்தால் விமானம் பக்கவாட்டில் வழுக்கவில்லை என்று அர்த்தம். மூக்கு உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்பதைச் சொல்வது தொடுவானம். விளிம்புக்குக் கீழே தொடுவானம் இல்லை. அதற்குப் பதிலாகச் சாய்ந்த சரிவுகளும் முகடுகளும் கண்ணை நிறைக்கின்றன. மூளை அவற்றில் ஒன்றை மட்டக்கோடு என்று எடுத்துக்கொள்கிறது. பாறை உயர்ந்துகொண்டே போகும்போது விமானி தன்னை அறியாமல் மூக்கைத் தூக்குகிறார். வேகம் விழுகிறது. சுவரை ஒட்டித் திரும்பும்போது வேகம் விழுந்தால் சுழன்று விழுவதுதான் முடிவு. மீள்வதற்கு அங்கே உயரம் இருக்காது. மலைப் பறத்தலில் இப்படித்தான் கைதேர்ந்தவர்களே செத்திருக்கிறார்கள்.

கலிபோர்னியா காண்டார் கழுகு அங்கே நாள் முழுக்க மிதக்கிறதே என்று கேட்டிருக்கிறார். 1996-இல் வெர்மிலியன் கிளிஃப்ஸில் விடப்பட்ட அந்தப் பறவைகளைப் பற்றி அழகாகவே எழுதியிருக்கிறார். ஆனால் காண்டார் சுமார் பத்து கிலோ எடை கொண்டது, மூன்று மீட்டர் இறக்கை விரிக்கிறது, வேண்டியபோது சிறகடிக்கிறது, களைத்தால் பாறை விளிம்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏஎஸ்கே 21 என்ற பயிற்சிக் கிளைடரின் இறக்கை 17 மீட்டர், இருவரோடு எடை 600 கிலோவரை. அதை எந்த விளிம்பில் உட்கார வைப்பார்?

ஆற்றோர மணல்திட்டில் இறக்கலாம் என்கிறார். 1963-இல் ஆற்றின் மேல்பக்கம் உள்ள கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கத் தொடங்கியதிலிருந்து வண்டல் அணைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது, கீழே மணல்திட்டுகள் கரைந்துகொண்டே வருகின்றன. அவற்றை மீட்பதற்காகவே 1996 முதல் செயற்கை வெள்ளம் திறந்துவிட்டுப் பார்க்கிறார்கள். மிஞ்சியிருக்கும் திட்டுகளில் படகு ஒதுங்கலாம். 17 மீட்டர் இறக்கை ஒதுங்காது. தண்ணீரில் விழுந்தாலோ, அணையின் ஆழத்திலிருந்து வரும் அந்த நீர் கோடையிலும் உடம்பை விறைக்க வைக்கும்.

1922-இல் ராயல் தாமஸ் என்ற விமானி பள்ளத்தாக்குக்குள் இருக்கும் பிளாட்டோ பாயின்ட்டில் விமானத்தை இறக்கினாரே என்பதைப் பெரிய ஆதாரமாக முன்வைக்கிறார். தாமஸிடம் எஞ்சின் இருந்தது. அதனால்தான் அவர் மறுபடி மேலேறி வெளியே வந்தார். பிளாட்டோ பாயின்ட் அமைந்திருக்கும் அதே டோன்டோ மேடையில் 1944 ஜூனில் மூன்று ராணுவ வீரர்கள் பழுதான பி-24 விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து இறங்கினார்கள். அதைக் கட்டுரை சொல்லவே இல்லை. உயிரோடு இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்து, வானிலிருந்து உணவும் போட்ட பிறகும், அவர்களை வெளியே கொண்டுவரப் பத்து நாள் பிடித்தது. இன்று ஹெலிகாப்டர் இருக்கிறது என்பார். அந்த ஹெலிகாப்டரில் வரும் மீட்புப் பணியாளரும் இதே சுழல்காற்றுக்குள்தான் இறங்கவேண்டும்.

விளிம்புக்குக் கீழே பறப்பதைத் தடுக்கும் சட்டத்தை அதிகாரிகளின் பயந்தாங்கொள்ளித்தனம் என்று எழுதியிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 1986 ஜூன் 18 அன்று அந்தப் பள்ளத்தாக்கின் வான்வெளியில் சுற்றுலா விமானம் ஒன்றும் ஹெலிகாப்டர் ஒன்றும் மோதின. 25 பேர் இறந்தார்கள். இரண்டிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்தது அந்தச் சட்டம். கிளைடர் சத்தம் போடாது, யாருக்கும் தொந்தரவில்லை என்று விலக்குக் கேட்கிறார். சத்தம் போடாத, மெலிந்த வெள்ளை இறக்கை கொண்ட விமானத்தை எதிரே வருகிறவர் காண்பது இன்னும் கடினம்.

கட்டுரையாளர் தன் கருத்தை விடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. விளிம்புக்குக் கீழே, 446 கிலோமீட்டர் நீளத்தில், ஒரு கிளைடர் உடையாமல் இறங்கக்கூடிய ஓர் இடத்தையாவது அவர் வரைபடத்தில் காட்டட்டும். அதைக் காட்டும் வரை, புதிதாகக் கற்றவர்களைத் துணிந்து முயலச் சொன்ன அந்த வாக்கியத்தை அடுத்த இதழிலேயே திரும்பப் பெறவேண்டும்.