மன அமைதிக்குப் பயிற்சியும் வேண்டும், சிகிச்சையும் வேண்டும்

வணிகர்களாகிய நமக்கு இரத்தக் கொதிப்போ சர்க்கரையோ இருந்தால் வெளியில் சொல்லத் தயக்கமில்லை. பெட்டியடியில் உட்கார்ந்தபடியே மாத்திரையை விழுங்குகிறோம். ஆனால் ஓயாத பதற்றமோ, எதிலும் பிடிப்பில்லாத மனச்சோர்வோ வந்துவிட்டால் வாயைத் திறப்பதில்லை. காரணம் எல்லோரும் அறிந்ததே. நம் தொழில் நாணயத்தின் மேல் நடக்கிறது. "அவருக்கு மனசு சரியில்லையாம்" என்ற ஒரு சொல் காரைக்குடிக் கடைவீதியில் பரவினால், மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்கு அனுப்ப யோசிப்பார், பிள்ளைகளின் திருமணப் பேச்சு வரை அது போகும் என்ற அச்சம் நமக்கு.

இந்த அச்சத்தால் நம்மில் பலர், யாருக்கும் தெரியாமல் செய்துகொள்ளக் கூடிய யோகா, தியானம், மூச்சுப் பயிற்சி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறோம். இவை நல்லவையே. ஆயினும் இவை எதுவரை உதவும், எந்த இடத்தில் மருத்துவர் வேண்டும் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தளர்த்தல் பயிற்சியின் பயன்

வரவேண்டிய பாக்கி வரவில்லை, கொடுத்த காசோலைக்கு வங்கியில் பணமில்லை, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யக் கடைசி நாள் நெருங்குகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் உடல் ஆபத்தை எதிர்கொள்ளத் தயாராகிறது. நெஞ்சு படபடக்கிறது, தோள் இறுகுகிறது, வயிறு கெடுகிறது. நாள்தோறும் இது தொடர்ந்தால் இறுக்கமே பழக்கமாகிவிடுகிறது.

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு பயிற்சியை விளக்கினார். கை விரல்களை மடக்கிச் சில விநாடிகள் இறுக்கிப் பிடித்துப் பின் தளர்த்த வேண்டும். அடுத்து முன்கை, தோள், முகம், வயிறு, கால் என ஒவ்வொரு பகுதியாக இறுக்கித் தளர்த்த வேண்டும். இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வேறுபாட்டை உடலே கற்றுக்கொள்ளும். இன்று இதன் சுருக்கமான முறையைக் கடை அடைத்த பிறகு கால் மணி நேரத்தில் செய்துவிடலாம்.

நமக்கும் இது புதிதன்று. சவாசனம் நாம் அறிந்ததே. நெசவுத் தொழில் நடத்திய வேதாத்திரி மகரிஷி, 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவியவர், தம் எளியமுறை உடற்பயிற்சியில் உடல் தளர்த்தலையும் ஓர் அங்கமாக வைத்தார். தொழில் செய்தவருக்குத்தான் தொழில் செய்பவரின் களைப்பு தெரியும்.

எதுவரை உதவும்?

பதற்ற நோய்க்கு இப்பயிற்சி நன்றாகவே உதவுகிறது. ஜோசப் உல்ப் என்ற மனநல மருத்துவர் 1958-இல் வெளியிட்ட நூலில், உடலைத் தளர்த்திக்கொண்டு, அஞ்சும் காரியத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் சிகிச்சையை விளக்கினார். ஆக, தளர்த்தலும் மனச் சிகிச்சையும் அப்போதே கைகோத்துவிட்டன. இங்கிலாந்தின் நைஸ் என்ற அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், நீடித்த பதற்ற நோய்க்குச் சிந்தனைப் போக்கை மாற்றும் சிகிச்சையையோ, முறையாகக் கற்பிக்கப்படும் தளர்த்தல் பயிற்சியையோ தரலாம் என்கிறது. முறையாக என்பதைக் கவனிக்க வேண்டும். பயிற்சி பெற்றவரிடம் வாரந்தோறும் சென்று கற்பதையே அது குறிக்கிறது.

மனச்சோர்வு நோயின் கணக்கு வேறு. 2008-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, மனச்சோர்வுக்கு ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிடத் தளர்த்தல் பயிற்சி மேல், ஆனால் மனச் சிகிச்சை அளவுக்கு அது பலன் தருவதில்லை என்று கண்டது. சோர்ந்த மனம் உள்ள சிலருக்குக் கண்ணை மூடிப் படுத்தால் கவலையே சுற்றிச் சுற்றி வருவதும் உண்டு. அவர்களைக் கையைப் பிடித்து மீண்டும் வேலையிலும் உறவுகளிலும் ஈடுபடுத்த ஒருவர் தேவை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இதையே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் செய்து நல்ல பலன் கண்டதாக 2017-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. பேச்சுச் சிகிச்சை பணக்காரர்களுக்கு மட்டும் என்ற எண்ணத்தை இது மாற்ற வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பசி குன்றி, கடை திறக்கவே மனமில்லாமல் போனால் மருத்துவரைப் பார்ப்பதே முறை. சாகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்கக் கூடாது. மருத்துவர் கொடுத்த மாத்திரையை, யோகா வகுப்பில் சேர்ந்துவிட்டோம் என்று தாமாக நிறுத்துவதும் கூடாது.

சங்கம் செய்ய வேண்டியது

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மனநலக் குறைபாடு இருந்தது. அவர்களில் சிகிச்சை பெறாதோர், நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம். நம் கடைவீதி இதற்கு விலக்காக இருக்க முடியாது.

வழி இல்லாமலும் இல்லை. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். அரசின் மாவட்ட மனநலத் திட்டமும் உள்ளது. சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்துள்ளது.

சங்கங்கள் யோகா வகுப்பு நடத்தினால், மாதம் ஒருமுறை அங்கேயே ஒரு மனநல ஆலோசகரையும் அழைக்க வேண்டும். உறுப்பினர், குடும்பத்தார், கடைச் சிப்பந்திகள் அனைவருக்கும் பொதுவாக நடத்தினால் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். சங்க நாட்காட்டியில் 14416 என்ற எண்ணை அச்சிடலாம்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று. சிகிச்சை பெறுகிறார் என்பதற்காக எவருடைய கடன் வரம்பையும் குறைக்க மாட்டோம் என்று மொத்த வியாபாரிகள் தமக்குள் முடிவு செய்ய வேண்டும். ஒருவர் நாணயத்தை அவருடைய பற்று வரவைப் பார்த்து முடிவு செய்வதே நம் முன்னோர் வழக்கம். அவர் எந்த மருத்துவரிடம் போகிறார் என்பது பேரேட்டில் ஏற வேண்டிய விஷயமன்று. அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.