தலைவிதியா, மண்ணின் குறையா?

ஒரு பிள்ளை செத்தால் தலைவிதி என்றும், பல பிள்ளைகள் செத்தால் தெய்வ கோபமென்றும் சொல்லித் தக்ஷணை வாங்குகின்றவர்களை நாம் ஒரு கேள்வி கேட்கின்றோம்.

சீன தேசத்தின் வடகிழக்கிலுள்ள கேஷான் என்னும் ஜில்லாவில் 1935-ம் வருஷம் குளிர்காலத்தில் ஒரு வியாதி கண்டது. இருதயத்தின் சதை பழுதாகிச் சாவு. பெரும்பாலும் பலியானவர்கள் குழந்தைகளும், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுமேயாவார்கள். வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை நீண்ட பட்டை போல் இந்நோய் பரவிக் கிடந்தது. அதற்குள்ளும், தன் நிலத்தில் விளைந்த தானியத்தையே தின்னும் குடியானவன் வீட்டில்தான் நோய். பல இடத்துச் சரக்கை வாங்கித் தின்னும் டவுன்காரன் வீட்டில் அனேகமாய் இல்லை. முன்ஜென்மப் பாவத்திற்குப் பூகோளமும் பணப்பையும் பார்த்துப் பலன் கொடுக்கத் தெரியுமா?

காரணம் மண்ணிலிருந்தது. 1817-ல் சுவீடன் தேசத்துப் பெர்சீலியஸ் கண்டுபிடித்த செலினியம் என்னும் பொருள் அந்த மண்ணில் மிகமிகக் குறைவு. அதனால் என்ன என்று கேட்கலாம். நம் உடம்பின் ஜீவ அணுக்கள் பிராணவாயுவைக் கொண்டே உணவை எரித்து வேலை செய்கின்றன. அடுப்பெரிந்தால் பொறி பறப்பது போல அங்கே பெராக்ஸைடு முதலிய பொருள்கள் உண்டாகி, அணுவின் கொழுப்புச் சவ்வை அரிக்கின்றன. இவற்றை அடக்கிச் சாதுவாக்குகின்ற என்ஸைம் ஒன்று அணுவிலேயே இருக்கிறது. குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் என்று பெயர். (ஸஹஸ்ரநாமம் மனப்பாடம் செய்தவர்களுக்கு இது ஒரு கஷ்டமல்ல.) அதற்குச் செலினியம் இன்றியமையாததென்று 1973-ல் ருசுவாயிற்று.

1974-ல் சிச்சுவான் மாகாணம் மியன்னிங் ஜில்லாவில், செலினியம் உப்பு மாத்திரை கொடுக்கப்பட்ட 4510 குழந்தைகளில் நோய் கண்டது 10 பேருக்கு. கொடுக்கப்படாத 3985 பேரில் 54 பேருக்கு. கொடுக்காமல் விட்ட பிள்ளைகளின் கதி நமக்கும் உறுத்தத்தான் செய்கிறது. 1976 முதல் எல்லோருக்குமே கொடுத்தார்கள். ஒரு கிருமியும் இந்நோய்க்குத் துணை நின்றதென்று பின்னால் தெரிய வந்தது. செலினியம் குறைந்த எலியின் உடலில் சாதுவான கிருமியே கொடியதாக மாறிற்று.

நிற்க. விபூதிப் பொட்டலக்காரன் உட்கார்ந்திருந்த திண்ணையில் இப்போது மாத்திரைப் புட்டிக்காரன் வந்து உட்கார்ந்து, செலினியம் சகல ரோக நிவாரணி என்கிறான். அமெரிக்காவில் 35,000-க்கு மேற்பட்ட ஆண்களை வைத்து நடத்திய பரீட்சை, புராஸ்டேட் புற்றுநோயை இது தடுக்கவில்லை என்று கண்டு 2008-ல் மாத்திரையை நிறுத்திவிட்டது. அதே சீனாவின் என்ஷியிலோ, 1960-களில் செலினியம் மிஞ்சிய மண்ணின் விளைச்சலைத் தின்றவர்களுக்கு மயிரும் நகமும் உதிர்ந்தன! குறைந்தவனுக்கு மருந்து, மிஞ்சினவனுக்கு விஷம். மீன், முட்டை, மாமிசம் தின்கிறவனுக்கு புட்டிக்காரனால் ஆவதொன்றுமில்லை.

கோசு வகைகளிலுள்ள ஸல்ஃபோரஃபேன் என்ற பொருளின் கதையும் இப்படியே. அது தானே சண்டை போடுவதில்லை. அணுவைச் சிறிது உறுத்தி, அணு தன் சொந்தக் காவலைப் பெருக்கிக்கொள்ளச் செய்கிறது. அக்காவலாளிகளில் சிலருக்கும் செலினியம் வேண்டும்.

பின்லாந்து மண்ணிலும் இக்குறை உண்டு. அந்தச் சர்க்கார் 1984-ல் தீர்மானித்து உரத்திலேயே செலினியத்தைக் கலக்கச் செய்தார்கள். தானியம், பால், மாமிசம் வழியாக ஜனங்களின் இரத்தத்தில் அது ஏறிற்று. இதற்காக அவர்கள் எந்த யாகத்தில் எத்தனை குடம் நெய் கொட்டினார்கள் என்பதை வைதீகர்கள் விசாரித்துச் சொல்லட்டும்.